கைப்பேசியின் காதுக்கு இதயம் வெறும் இரைச்சல்

அம்மாவின் நெஞ்சில் கைப்பேசியை வைத்து, இதய ஒலியை ஆராய்ந்து சொல்லும் ஒரு செயலியில் முதன்முதலாக முப்பது நொடி பதிவு செய்தபோது எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: காற்றாடிச் சத்தம், கீழே யாரோ மோட்டார்சைக்கிளை முடுக்கிய சத்தம், தாலிக்கொடி கைப்பேசியில் உரசிய கரகரப்பு, நடுவில் "போதுமாடா?" என்று அம்மா கேட்டது. இதயம் மட்டும் அதில் இல்லை. ஆனால் அந்தச் செயலி கொஞ்சமும் தயங்காமல் பச்சை வட்டம் ஒன்றைக் காட்டி, இதய ஒலி இயல்பாக இருக்கிறது என்றது.

அம்மாவுக்கு மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடப்பக்க இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள கதவு, சுருங்கியிருப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பல வருடங்களுக்கு முன் அரசாங்க மருத்துவமனையில் பலூன் வைத்து விரித்த வால்வு அது. ஒவ்வொரு ஆண்டும் எக்கோ (அல்ட்ராசவுண்டில் இதயத்தைப் படமாகக் காட்டும் சோதனை) எடுக்க, மலேசியாவின் பினாங்கில் நாங்கள் இருக்கும் ஜெலுத்தோங்கிலிருந்து கூட்டிக்கொண்டு போவது நான்தான். அந்த இதயத்தை இயல்பு என்று ஒரு செயலி சொன்னால், அது எதைக் கேட்டுவிட்டு அப்படிச் சொன்னது? இந்தக் கேள்வி என்னைப் பல மாதம் விடவில்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஒலி சம்பந்தப்பட்ட பாகங்களைச் சோதிக்கும் வேலை எனக்கு, அதனால் மைக் என்ன செய்யும் என்று ஓரளவு தெரியும். இதயம் என்ன செய்கிறது என்பதைத்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நம் ஆட்களில் பலர் இந்த மாதிரிச் செயலிகளை இறக்கி வைத்துக்கொண்டு, பச்சை வந்தால் நிம்மதியாகவும் சிவப்பு வந்தால் தூக்கமில்லாமலும் இருக்கிறார்கள்.

முதலில் அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். 'லப்-டப்' என்று நாம் சொல்வதில் லப் என்பது மைட்ரல், டிரைகஸ்பிட் என்ற இரண்டு வால்வுகள் மூடும்போது வருவது. டப் என்பது இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகும் வாசலில் இருக்கும் மற்ற இரண்டு வால்வுகள், பெருந்தமனி வால்வும் நுரையீரல் வால்வும், மூடும்போது வருவது. கதவை அடித்துச் சாத்தினால் கதவு மட்டுமா அதிர்கிறது, சுவரும் நிலையும் சேர்ந்து அதிர்கின்றன இல்லையா, அதுபோல வால்வும் அதைச் சுற்றியுள்ள தசையும் ரத்தமும் சேர்ந்து அதிர்வதுதான் நமக்குக் கேட்கிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. அதில் லப்புக்கும் டப்புக்கும் இடையே சுமார் 0.3 நொடி, டப்பிலிருந்து அடுத்த லப் வரை 0.5 நொடி. இந்த இரண்டு இடைவெளிகளும் ஆரோக்கியமான இதயத்தில் அநேகமாக அமைதியாக இருக்கும். அங்கே ஏதாவது சலசலப்போ உறுமலோ கேட்டால் அதைத்தான் டாக்டர்கள் மர்மர் என்கிறார்கள், தமிழில் முணுமுணுப்பு. வாய் குறுகிய குழாயில் தண்ணீர் பாயும்போது இரைகிற மாதிரி, சுருங்கிய வால்வு வழியாகவோ சரியாக மூடாத வால்வின் இடுக்கு வழியாகவோ ரத்தம் பாயும்போது வருகிற இரைச்சல் அது.

1816-ஆம் ஆண்டு பாரிஸில் ரெனே லென்னெக் என்ற மருத்துவர் ஓர் இளம்பெண்ணின் நெஞ்சில் காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கி வைத்துக் கேட்டார், ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. அந்தக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அதற்கு அப்புறம் இருநூறு வருடமாக நடந்தது என்னவென்றால், ஒருவர் காதில் பத்து நொடி விழுந்த ஒலியை அவர் ஒரு வரியில் எழுதி வைப்பார், ஒலி போய்விடும். 1894-லேயே ஐந்தோவன் இதய ஒலியைக் கோடாகப் பதிவு செய்து காட்டினார், பிற்காலத்தில் ஈசிஜி-க்காக நோபல் பரிசு வாங்கிய அதே மனிதர்தான். ஆனால் அந்தக் கருவிகள் பெரியவை, பின்னர் எக்கோ வந்து அவற்றை ஓரங்கட்டிவிட்டது. இப்போது பதிவு செய்யும் கருவி எல்லோருடைய சட்டைப்பையிலும் இருக்கிறது. அப்படியானால் சிக்கல் எங்கே?

சிக்கல் ஒலியின் தாழ்வில் இருக்கிறது. மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வலந்தலை கணீரென்று பேசும், இடப்பக்கத் தொப்பி ரவைப் பசையை அப்பிக்கொண்டு அடித்தொண்டையில் 'கும்' என்கும். இதயம் தொப்பிப் பக்கம். லப், டப் இரண்டின் வலுவும் பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸுக்கு (ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற அளவு) கீழேயே இருக்கிறது, சில நோய்களில் கூடுதலாக வரும் மூன்றாவது நான்காவது ஒலிகள் அதற்கும் கீழே, 20 முதல் 50 ஹெர்ட்ஸ் அளவில். மனிதக் காதே 20 ஹெர்ட்ஸில்தான் கேட்கத் தொடங்குகிறது, அந்த எல்லைக்குப் பக்கத்தில் காதின் கூர்மை மிகக் குறைவு. முணுமுணுப்புகள் மட்டும் சில நூறு ஹெர்ட்ஸ் வரை ஏறும், பெருந்தமனி வால்வு ஒழுகினால் வருவது ஊதுகிற மாதிரி உயர்ந்த ஒலி, என் அம்மாவுக்கு இருப்பது மாதிரி மைட்ரல் வால்வு சுருங்கினால் வருவது அடியில் கிடக்கும் உறுமல். டாக்டர் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்புக்கு இரண்டு முகம் இருப்பதும் இதற்காகத்தான்: தட்டையான பக்கம் உயர்ந்த ஒலிக்கு, கிண்ணம் போன்ற சிறிய பக்கம் தாழ்ந்த ஒலிக்கு.

கைப்பேசியைச் செய்தவர்கள் மனிதக் குரலை மனதில் வைத்துச் செய்தார்கள். பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது, பேச்சு புரிய அது போதும். இன்றைய கைப்பேசியின் மைக் அதைவிடப் பல மடங்கு நல்லது, மணல் அளவு துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன சிலிக்கான் மைக் தாழ்ந்த ஒலியையும் ஓரளவு நன்றாகவே பிடிக்கிறது. மைக்குக்குப் பின்னால் இருக்கும் மென்பொருள்தான் அதைத் தின்றுவிடுகிறது. இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது.

பதிவு தொடங்கியதும் மென்பொருள் முதலில் அடியில் உள்ள ஒலிகளை வெட்டுகிறது, ஏனென்றால் பேசும்போது காற்று வீசுவது, கை உரசுவது, வண்டி இரைச்சல் எல்லாம் அங்கேதான் இருக்கும், குரலுக்கு அந்தப் பகுதி தேவையில்லை. இதயத்தின் பாதி அதோடு போய்விடுகிறது. அடுத்து, மெல்லப் பேசினால் சத்தத்தைக் கூட்டி, கத்தினால் குறைக்கும் தானியங்கிக் கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது. நாம் தூரத்தில் இருந்து பேசினாலும் கேட்பவருக்கு ஒரே அளவில் கேட்பது இதனால்தான். இதய ஒலியில் இது பெரிய பாவம் செய்கிறது: லப் வந்ததும் குறைக்கிறது, அடுத்த அமைதியில் கூட்டுகிறது, கூட்டும்போது அறையின் இரைச்சலும் எழும்பி வந்து முணுமுணுப்பு மாதிரியே உட்கார்ந்துகொள்கிறது. லப் பெரிதா டப் பெரிதா என்பது ஒரு டாக்டருக்கு முக்கியமான தகவல், அந்த ஒப்பீடே அழிந்துவிடுகிறது. மூன்றாவதாக இரைச்சல் நீக்கி. அது குரல் இல்லாத, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிற, தாழ்ந்த ஒலியைத் தேடித் தேடி அழிக்கும்படி எழுதப்பட்டது. தாழ்ந்த, ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப வருகிற ஒலி! இதயத்துக்கு இதைவிடச் சரியான விளக்கம் கிடையாது. கைப்பேசியின் கணக்கில் அம்மாவின் இதயமும் காற்றாடியும் ஒரே சாதி, நடுவில் "போதுமாடா" என்று கேட்டதுதான் பாதுகாக்க வேண்டிய ஒலி.

சரி, இதைத் தாண்ட வழி உண்டா என்றால் உண்டு. ஆண்ட்ராய்டில் 2016-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து, இந்த வெட்டல் ஒட்டல் எதுவும் இல்லாமல் மைக்கின் ஒலியைப் பச்சையாக எடுக்கும் வழியை வைத்திருக்கிறார்கள், கைப்பேசி அதற்கு இடம் கொடுத்தால். ஐஃபோனிலும் அளவீட்டுக்கென்று ஒரு முறை இருக்கிறது. செயலியை எழுதியவர் அதைப் பயன்படுத்தினாரா என்பதே முதல் கேள்வி. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் எக்கோஸ் என்ற செயலியை வெளியிட்டு, வேறு கருவி எதுவும் இல்லாமல், பொதுமக்களே கைப்பேசியின் சொந்த மைக்கால் தங்கள் இதயத்தைப் பதிவு செய்ய முடியுமா என்று பார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை அனுப்பினார்கள், அவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேலானவர்கள் குறைந்தது ஒரு நல்ல பதிவாவது எடுத்துவிட்டார்கள். எனக்கு இது பெரிய செய்தி. மைக் போதும், ஸ்டெதஸ்கோப்பை மாட்டத்தான் வேண்டும் என்றில்லை.

இதோடு, ஒலியே வேண்டாம், அதிர்வைப் பிடிப்போம் என்று இன்னொரு வழியும் இருக்கிறது. கைப்பேசியைத் திருப்பினால் படம் திரும்புகிறதே, அந்த அசைவு உணரியை நெஞ்சின்மேல் வைத்தால் இதயம் உதைக்கும் ஒவ்வொரு உதையும் அதில் விழும். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தினர் 2018-இல் 300 நோயாளிகளின் நெஞ்சில் சாதாரணக் கைப்பேசியை வைத்து, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பை நன்றாகவே பிரித்துக் காட்டினார்கள். ஆனால் வால்வின் முணுமுணுப்பைக் கேட்க ஒலிதான் வேண்டும், அதனால் மைக்குக்கே திரும்புவோம்.

நான் பதிவு செய்யக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி, ஜெலுத்தோங்கில் அந்த நேரம்தான் கொஞ்சம் அமைதி. குயில் மட்டும் கத்திக்கொண்டிருக்கும், கத்தட்டும், பரவாயில்லை. குயிலின் குரல் இதய ஒலியைவிட ரொம்ப உயரத்தில் இருப்பதால் பிறகு கணினியில் அதை வெட்டிவிட்டால் இதயத்துக்கு ஒன்றும் ஆகாது. காற்றாடி அப்படியில்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மோட்டார் முனகுவது 50-லும் 100-லும், அது இதயம் உட்கார்ந்திருக்கும் அதே பாய். அதை வெட்டினால் இதயமும் சேர்ந்து வெட்டுப்படும். ஆகவே காற்றாடியை நிறுத்தியே ஆக வேண்டும், ஏர்கோன், பக்கத்து அறை ஐஸ்பெட்டி வரைக்கும் கவனிக்க வேண்டும், சார்ஜில் போட்டுக்கொண்டே பதிவு செய்யக் கூடாது. கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். பழைய 2ஜி கைப்பேசி ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருந்தால் அழைப்பு வருமுன் 'டிடிட் டிடிட்' என்று ஒரு சத்தம் வருமே, அதன் அடிப்படை 217 ஹெர்ட்ஸ், முணுமுணுப்பு வருகிற இடத்திலேயே வந்து விழும்.

கைப்பேசியின் உறையைக் கழற்றிவிட்டு, சார்ஜ் துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மைக் துவாரம் நேராகத் தோலில் படும்படி வைக்க வேண்டும், துணிமேல் வைத்தால் துணி உரசுவதுதான் கேட்கும். தாலிக்கொடியை முதுகுப்பக்கம் தள்ளிவிட வேண்டும். கையால் அழுத்திப் பிடித்தால் நம் விரல் தசையின் நடுக்கமே பதிவாகும், லேசாகத் தாங்கிப் பிடித்தால் போதும். இடம்? இடது மார்புக்குக் கீழே, ஐந்தாம் விலா இடைவெளியில், காலர் எலும்பின் நடுவிலிருந்து நேர்க்கோடு இறக்கினால் வருகிற இடம், மைட்ரல் வால்வை அங்கேதான் கேட்பார்கள். பெருந்தமனி வால்வுக்கு மார்பெலும்பின் வலப்பக்கம் இரண்டாவது இடைவெளி, நுரையீரல் வால்வுக்கு அதற்கு நேர் இடப்பக்கம், டிரைகஸ்பிட்டுக்கு மார்பெலும்பின் இடது கீழ் ஓரம். அம்மாவை இடதுபுறம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன், அப்போது இதயம் நெஞ்சுச் சுவர் பக்கம் சாய்ந்து வரும். மூச்சை வெளியே விட்டுவிட்டுச் சில நொடி நிறுத்தச் சொன்னேன், முடிந்த அளவுக்கு மட்டும்.

பதிவு முடிந்ததும் பலர் செய்யும் தவறு, கைப்பேசியின் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லையே என்று அழித்துவிடுவது. அந்தக் குட்டி ஸ்பீக்கரால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக எதையும் எழுப்ப முடியாது! பதிவில் இதயம் இருக்கிறது, வாசிக்கும் வாய்க்குத்தான் அடிக்குரல் இல்லை. காதை மூடுகிற நல்ல ஹெட்போனில் கேளுங்கள். நானும் அப்படித்தான் கேட்டேன், பச்சையாகப் பதிவு செய்கிற வேறொரு செயலியில் எடுத்த பிறகு. முதலில் லப் பலமாக, அப்புறம் டப், உடனே ஒட்டினாற்போல் சின்னதாக ஒரு 'டிக்', அதன் பின்னால் மெல்ல உருள்கிற ஒரு சத்தம். அம்மா காதில் மாட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "தூரத்துல லோரி போற மாதிரி இருக்குதுடா" என்றார். "இதுதான் எனக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கா, இத்தன வருசமா?"

நாற்பது வருடமாகத் தன் நெஞ்சில் இருக்கும் ஒலியை அவர் கேட்டது அன்றுதான். எத்தனை டாக்டர்கள் கேட்டிருப்பார்கள், எத்தனை மாணவர்களைக் கூப்பிட்டு வந்து கேட்க வைத்திருப்பார்கள். அவருக்கு மட்டும் யாரும் கேட்கத் தரவில்லை.

அந்த வால்வு எப்படிக் கெட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கூலிம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அம்மா. பத்து வயது இருக்கும்போது தொண்டை வலி வந்திருக்கிறது, சில வாரம் கழித்து முட்டி வீங்கிக் காய்ச்சல், தோட்டத்து டிரெஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) மாத்திரை கொடுத்திருக்கிறார், சரியாகிவிட்டது. சரியாகவில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வருகிற தொண்டைப் புண்ணுக்குப் பிறகு உடலின் எதிர்ப்புச் சக்தி ஆள் மாறிப்போய்ச் சொந்த மூட்டையும் இதய வால்வையும் தாக்குவது ருமாட்டிக் காய்ச்சல், ஐந்திலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம் வரும். மூட்டு ஆறிவிடும், வால்வில் தழும்பு நின்றுவிடும். இருபது வருடம் கழித்து என் தங்கை வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குப் படியேற முடியாமல் மூச்சு வாங்கியது. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுவதால், சுருங்கிய வால்வு அதைத் தாங்காமல் அப்போதுதான் பல பெண்களுக்கு வெளியே தெரியவரும். உலகத்தில் ஐந்து கோடிக்கு மேற்பட்டவர்கள் இந்த நோயோடு இருக்கிறார்கள், பெரும்பாலும் நெருக்கடியான வீடுகளிலும் டாக்டர் எட்டாத ஊர்களிலும் இருப்பவர்கள். நேரத்தோடு பெனிசிலின் கொடுத்தால் தடுக்கக்கூடிய நோய். கைப்பேசியால் இதயம் கேட்கும் ஆராய்ச்சியில் இவ்வளவு பேர் இறங்கியிருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இனி ஆராயும் பகுதிக்கு வருவோம், செயலி எப்படி 'இயல்பு' என்று முடிவு செய்கிறது? முதல் வேலை எது லப் எது டப் என்று பிரிப்பது. சிறிய இடைவெளி, பெரிய இடைவெளி என்பதை வைத்துத்தான் பிரிக்கும், இதயம் மெல்லத் துடித்தால் எளிது, வேகமாகத் துடித்தால் பெரிய இடைவெளி சுருங்கி இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடும், குழந்தைகளிடம் இது அதிகம். டாக்டர்கள் கழுத்து நாடியில் விரல் வைத்துக்கொண்டே கேட்பார்கள், நாடி துள்ளும்போது வருவது லப். செயலிக்கு விரல் கிடையாது. இங்கே மாறிப்போனால் அதன் பிறகு சொல்வதெல்லாம் மாறிப்போகும், ஏனென்றால் ஒரே முணுமுணுப்பு லப்புக்குப் பின் வந்தால் ஒரு நோய், டப்புக்குப் பின் வந்தால் வேறு நோய்.

பிரித்த பிறகு ஒலியைப் படமாக மாற்றுகிறார்கள், எந்த நொடியில் எந்த உயரத்தில் எவ்வளவு வலு என்று. அந்தப் படங்களைக் கணினிக்கு ஆயிரக்கணக்கில் காட்டி, இது நோய், இது இல்லை என்று பழக்குகிறார்கள். பழக்கப் பதிவுகள் வேண்டுமே. 2011-இல் இதய ஒலியைக் கணினியால் பிரித்தறிய பாஸ்கல் என்ற போட்டி நடந்தபோது கொடுத்த பதிவுகளில் ஒரு தொகுதி ஐஃபோன் செயலி வழியாகப் பொதுமக்களிடமிருந்தே வந்தது. 2016-இல் அதே மாதிரி பிசியோநெட் என்ற போட்டிக்குப் பல நாடுகளிலிருந்து பல கருவிகளில் எடுத்த பதிவுகளைத் திரட்டினார்கள், பயிற்சிக்கு மட்டும் மூவாயிரத்துக்கும் மேல், மருத்துவமனையில் எடுத்ததும் வீட்டில் எடுத்ததும் கலந்து. 2022-இல் அதே போட்டிக்கு பிரேசிலில் பிள்ளைகளிடம் முகாம் நடத்தி எடுத்த பதிவுகள், ஐயாயிரத்துக்கும் மேல். பயிற்சிக்கென்று வெளியிட்டதை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பயன்படுத்தலாம், மாணவர்களின் ஆய்வுகள் பலவும் இந்தப் பதிவுகளில்தான் வளர்ந்தன.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நோயாளிகளின் பதிவு எல்லாம் ஒரு மருத்துவமனையில் ஒரு கருவியில் எடுத்ததாகவும், ஆரோக்கியமானவர்களின் பதிவு இன்னொரு இடத்தில் இன்னொரு கருவியில் எடுத்ததாகவும் இருந்தால், கணினி இதயத்தைக் கற்றுக்கொள்ளாமல் கருவியின் இரைச்சலைக் கற்றுக்கொண்டு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிவிடும். யாருக்கும் தெரியாது. அதை உங்கள் கைப்பேசியில் போட்டால் மூன்றாவதாக ஒரு இரைச்சல், அதற்குப் பழக்கமே இல்லாதது. என் வேலையில் நான் பார்க்கிற விஷயம்தான் இது, ஒரே மாடல் மைக்கிலேயே ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், மாடல் மாறினால் கேட்கவே வேண்டாம். அந்தப் பச்சை வட்டத்தின் புதிரும் இதுதான் என்று நினைக்கிறேன்: முணுமுணுப்பு இல்லாததால் அது 'இயல்பு' என்று சொல்லவில்லை, முணுமுணுப்பைக் கைப்பேசி முன்பே தின்றுவிட்டதால் சொன்னது. ஒழுங்கான செயலி என்றால் "இந்தப் பதிவில் இதயம் சரியாகக் கேட்கவில்லை, மறுபடி எடுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு செயலியை எடைபோட நான் இப்போது பார்ப்பது இதை மட்டும்தான், தெரியாதபோது தெரியவில்லை என்கிறதா என்று. வெறும் மேசைமேல் கைப்பேசியை வைத்துப் பதிவு செய்து பாருங்கள். மேசையின் இதயம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அதை அழித்துவிடுங்கள்.

நல்ல செயலியாகவே இருந்தாலும் ஒரு கணக்கு இருக்கிறது. உதாரணத்துக்கு ஆயிரம் பேர், அதில் இருபது பேருக்கு வால்வு நோய் என்று வைத்துக்கொள்வோம். செயலி நூற்றுக்குத் தொண்ணூறு சரி, நோயைக் கண்டுபிடிப்பதிலும் நோயில்லை என்பதிலும். இருபதில் பதினெட்டைப் பிடிக்கும், இரண்டு பேரைப் பச்சை காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடும். மீதி 980 பேரில் 98 பேருக்குச் சும்மா சிவப்பு காட்டும். ஆக, சிவப்பு வந்த 116 பேரில் உண்மையில் நோய் உள்ளவர்கள் பதினெட்டுப் பேர்தான். போதாததற்கு, நோயே இல்லாத முணுமுணுப்பும் உண்டு: சின்னப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு இருக்கும், வளர வளரப் போய்விடும். ரத்தசோகை, காய்ச்சல், கர்ப்பம் இவற்றிலும் ரத்தம் வேகமாகப் பாய்வதால் கேட்கும். அதனால் பிள்ளைக்குச் சிவப்பு வந்துவிட்டது என்று இரவெல்லாம் அழ வேண்டாம், கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார நிலையம்) போங்கள், அங்கிருந்து தேவைப்பட்டால் எக்கோவுக்கு அனுப்புவார்கள். வால்வு எவ்வளவு திறக்கிறது என்று கண்ணால் காட்டுவது எக்கோதான்.

பச்சை வந்தவர்களுக்குத்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. மலேசியாவில் நம்மை அதிகம் கொண்டுபோகும் நோய்களில் முன்வரிசையில் இருப்பது ரத்தக்குழாய் அடைப்பு, மாரடைப்பு. அந்த அடைப்புக்குப் பெரும்பாலும் சத்தமே கிடையாது. இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தாலும் வால்வுகள் ஒழுங்காக மூடித் திறந்து லப்-டப் என்று அழகாகப் பாடிக்கொண்டிருக்கும். நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி பாரம், இடது கைக்கோ தாடைக்கோ வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், இப்படி இருக்கும்போது கைப்பேசியை நெஞ்சில் வைக்காதீர்கள், அதில் 999 அழுத்துங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலிகூடத் தெரியாமல் வரலாம், நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது?

அப்படியானால் இந்தப் பதிவால் என்னதான் பிரயோஜனம் என்று கேட்டால், எனக்குக் கிடைத்த பதில் போன முறை மருத்துவமனையில் கிடைத்தது. எட்டு மாதப் பதிவுகளை எடுத்துக்கொண்டு போயிருந்தேன், ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு. டாக்டரம்மா திட்டுவாரோ என்று பயம். அவர் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். "அம்மா, இடது பக்கம் திரும்பிப் படுங்க" என்று தன் ஸ்டெதஸ்கோப்பை அதே இடத்தில் வைத்துக் கேட்டார். பிறகு அந்த 'டிக்' சத்தத்தைப் பற்றிச் சொன்னார்: அது சுருங்கிய மைட்ரல் வால்வு திறக்கும்போது வருவது. நல்ல வால்வு சத்தமில்லாமல் திறக்கும், தழும்பு பிடித்த வால்வு பாய்மரத் துணி காற்றில் படக்கென்று விரிவதுபோல் திறக்கும். டப்புக்கும் அந்த டிக்குக்கும் இடையே உள்ள நேரம்தான் முக்கியம். வால்வு சுருங்கச் சுருங்க, பின்னால் தேங்கும் ரத்தத்தின் அழுத்தம் கூடிக் கதவைச் சீக்கிரமே தள்ளித் திறந்துவிடும், அதனால் டிக், டப்பை நெருங்கி வரும்.

எனக்கு இது சட்டென்று பிடித்துப்போனது. சத்தம் எவ்வளவு பெரிது என்பது நான் எப்படி அழுத்தினேன், எந்தக் கைப்பேசி, அம்மா எவ்வளவு இளைத்திருக்கிறார் என்பதையெல்லாம் பொறுத்தது, அதை நம்ப முடியாது. ஆனால் இரண்டு ஒலிகளுக்கு நடுவில் உள்ள நேரம் கைப்பேசி மாறினாலும் மாறாது, நான் அழுத்தினாலும் மாறாது. காதால் அளக்க மிகப் பெரிய அனுபவம் வேண்டிய சில பத்து மில்லிநொடியை, கணினியில் அடாசிட்டி என்ற ஒலி மென்பொருளைத் திறந்து, இரண்டு முனைகளுக்கு நடுவே இழுத்து அளந்துவிடலாம். அவர் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார், துடிப்பு வேகமானாலும் அந்த நேரம் குறையும், வால்வு கல்லாகிவிட்டால் டிக் சத்தமே நின்றுவிடும், நின்றுவிட்டதே என்று சந்தோஷப்படக் கூடாது. "இத வச்சு நான் மருந்து மாத்த மாட்டேன் தம்பி, ஆனா அடுத்த எக்கோவ முன்னாடி போட்டுக்கலாமான்னு யோசிக்க இது உதவும்" என்றார். அதே வாரத்துப் பதிவுகளில் நாலைந்தை எடுத்துச் சராசரி போடச் சொன்னார், ஒன்றை மட்டும் பார்த்து அலைய வேண்டாமாம்.

ஒரே ஆள், ஒரே இடம், ஒரே படுக்கை, மாதத்துக்கு ஒரு தடவை. யாரோ ஆயிரம் பேருடன் ஒப்பிடாமல் அம்மாவைப் போன மாத அம்மாவுடன் ஒப்பிடுவது. இதற்குச் செயற்கை நுண்ணறிவுகூடப் பெரிதாகத் தேவைப்படவில்லை.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில விஷயம். பதிவை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பாதீர்கள், அது குரலுக்காகச் சுருக்கி அடிப்பகுதியை மறுபடி கெடுத்துவிடும். ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகச் சேமித்து ஆவணம் என்று இணைத்து அனுப்புங்கள், முப்பது நொடிக்குச் சுமார் 2.6 எம்பி தான் வரும். நோயைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லி விற்கிற செயலியும் கருவியும் மலேசியாவில் 2012-ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின் கீழ் வரும், பதிவானதா என்று மருத்துவச் சாதன ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். அப்புறம், இலவசச் செயலி பதிவை எங்கே அனுப்புகிறது என்று பாருங்கள். உடல்நலத் தகவல் நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுச் சட்டத்தில் கூடுதல் பாதுகாப்பு உள்ள தகவல், நாமே 'சம்மதம்' என்று அழுத்திக் கொடுத்துவிட்டால் பிறகு திரும்ப வாங்குவது கடினம். நான் எல்லாவற்றையும் வீட்டுக் கணினியில்தான் வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு நான் எழுந்து வருவதற்குள் அம்மா காற்றாடியை நிறுத்திவிட்டு, தாலிக்கொடியைப் பின்னால் தள்ளி, இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அப்பா ஐஸ்பெட்டியின் சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தார்.